கதையைப் பங்கு போடாதீர்கள்

என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்தைந்து பேராக உட்கார்ந்து சொந்தமாகச் சிறுகதை எழுதுவதைப் பற்றிச் சென்ற இதழில் சொல்லியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஆசிரியர்களும் பெற்றோரும் மாணவர்களும் நிறையக் கேட்டிருக்கிறார்கள். சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

என் எட்டாம் வகுப்பில் 42 பேர். ஏழேழு பேராக ஆறு குழு பிரித்து, ஆளுக்கொரு கதை இல்லை, குழுவுக்கு ஒரு கதை என்று சொன்னேன். ஒவ்வொரு குழுவிலும் நன்றாகப் படிக்கிற ஒரு பிள்ளைதான் எழுதுகிறது. ஒருத்தி மார்ஜின் போடுகிறாள், ஒருவன் படம் வரைகிறான், மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். இதில் கூட்டு எங்கே இருக்கிறது?
*(தமிழ் ஆசிரியை, பண்ருட்டி)*

குழுவுக்கு ஒரு நோட்டு, ஒரு பேனா என்று கொடுத்தால் எந்த வகுப்பிலும் இதுதான் நடக்கும், டீச்சர். பேனா யார் கையில் இருக்கிறதோ, கதை அவர்களுடையதாகிவிடும். அதனால் முதல் இரண்டு பீரியடுக்கு நோட்டே கொடுக்காதீர்கள். துண்டுத் தாள் கொடுங்கள். பழைய நோட்டின் பின்பக்கத் தாள்களை நான்காகக் கிழித்தால் போதும்.

ஏழு பேர் அதிகம். நான் ஒரு குழுவில் நான்கு பேர், மிஞ்சினால் ஐந்து பேர்தான் வைக்கிறேன். உங்கள் 42 பேருக்கு ஒன்பது குழு வரும். சத்தமாகத்தான் இருக்கும். பாதிப் பேரை வராண்டாவுக்கோ மரத்தடிக்கோ அனுப்பிவிடுங்கள். தலைமை ஆசிரியரிடம் முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது.

துண்டுத் தாள் என் கண்டுபிடிப்பு இல்லை. இத்தாலியில் ஃபுளோரன்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில், மலைமேல் பார்பியானா என்று ஒரு சின்ன ஊர். அங்கே பங்குச் சாமியாராக 1954-இல் வந்த லொரென்சோ மிலானி, படிப்பு வராது என்று பள்ளிக்கூடங்கள் கைவிட்ட ஏழை விவசாயிகளின் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி நடத்தினார். அந்தப் பிள்ளைகளில் எட்டுப் பேர் சேர்ந்து, தங்களை ஃபெயிலாக்கிய ஓர் ஆசிரியைக்குக் கடிதம் எழுதுகிற மாதிரி ஒரு புத்தகம் எழுதினார்கள். 1967-இல் வெளிவந்தது, பல மொழிகளுக்குப் போனது, தமிழிலும் கிடைக்கிறது. அது கதைப் புத்தகம் இல்லைதான். ஆனால் எட்டுப் பேர் சேர்ந்து எப்படி எழுதினார்கள் என்பதை அந்தப் புத்தகத்துக்குள்ளேயே சொல்லியிருக்கிறார்கள். சேர்ந்து எழுதுவதைப் பற்றி அதைவிடத் தெளிவாகச் சொன்னதை நான் வேறெங்கும் படித்ததில்லை.

ஒவ்வொருவரும் சட்டைப்பையில் ஒரு சின்னக் குறிப்பு நோட்டு வைத்துக்கொள்கிறார்கள். ஏதாவது தோன்றினால் உடனே எழுத வேண்டும். ஒரு தாளில் ஒரு விஷயம்தான், அதுவும் ஒரு பக்கம்தான். பிறகு ஒருநாள் எல்லாத் தாளையும் பெரிய மேசையில் பரப்பி, ஒரே விஷயம் இரண்டு தடவை வந்திருந்தால் ஒன்றை எடுத்துவிடுகிறார்கள். ஒன்றோடொன்று சேர்கிறவற்றைத் தனித்தனியாக அடுக்குகிறார்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு தலைப்பு வைக்க வேண்டும். தலைப்பு வைக்க முடியவில்லையா? அதில் ஒன்றுமே இல்லை, அல்லது தேவைக்கு மேல் இருக்கிறது. அதற்கப்புறம்தான் வாக்கியத்தில் கை வைக்கிறார்கள். வேண்டாத அடைமொழி, திரும்ப வந்தது, பொய், கடினச்சொல், ஒரே வாக்கியத்தில் திணித்த இரண்டு கருத்து, எல்லாவற்றையும் போட்டி போட்டுக்கொண்டு வெட்டுகிறார்கள். கடைசியில் வெளியாட்களை ஒவ்வொருவராக அழைத்து வாசிக்கச் சொல்கிறார்கள். ரொம்பப் படித்தவர்களாக இல்லாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

எங்கள் பள்ளி தென்காசி மாவட்டத்தில் பாவூர்சத்திரம் பக்கம். பாதிப் பிள்ளைகளின் வீட்டில் அம்மாவோ ஆச்சியோ சுளகை, அதாவது முறத்தை, மடியில் வைத்துப் பீடி சுற்றுகிறார்கள். ஒரு குழு, பள்ளிச் சுற்றுலாவுக்குப் பணம் கட்ட முடியாத ஒரு பெண்ணைப் பற்றி எழுத உட்கார்ந்தது. முதலில் அவர்கள் சொன்ன கதையில் அம்மாவுக்கு நோய் வந்தது, ஒரு பணக்காரர் காரில் வந்தார், பணம் கொடுத்தார், எல்லோரும் சுற்றுலா போனார்கள். சரி, கதை அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, ‘வீட்டில் பணம் கேட்பது’ என்ற தலைப்பில் ஆளுக்கு மூன்று துண்டு எழுதச் சொன்னேன். பேசக்கூடாது, பக்கத்தில் பார்க்கக்கூடாது.

அந்தக் குழுவில் ஒரு பையன் வகுப்பில் வாயே திறக்கமாட்டான். எழுத்தில் ஒற்றுப்பிழை வரிக்கு இரண்டு இருக்கும். அவன் எழுதியது இது: ‘அம்மா சுளகை மடியில் வச்சிருக்கும்போது காசு கேக்கக்கூடாது. சுளகைக் கீழ இறக்கி வச்சதும் கேக்கணும்.’ அதை வாசித்ததும் மற்ற நான்கு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். “எங்கம்மாவும் அப்படித்தான்”, “கடையில பீடியைக் கழிச்சுட்டாங்கன்னா அன்னைக்குக் கேக்கவே கூடாது”, “ராத்திரி இலை நனைக்கும்போது கேட்டா தந்திரும்.” பணக்காரரையும் காரையும் யாரும் நீக்கவில்லை, அவர் தானாகவே போய்விட்டார். அம்மா எப்போது சுளகை இறக்குவாள் என்று ஒரு பெண் சாயங்காலம் முழுக்கக் காத்திருப்பதுதான் கதை என்று ஆனது. மூன்று பக்கம். என் வகுப்பில் எழுதப்பட்ட கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

நோட்டும் பேனாவும் முதலிலேயே நன்றாகப் படிக்கிற பிள்ளையின் கையில் போயிருந்தால் அந்த வரி வந்திருக்காது, டீச்சர். அந்தப் பிள்ளை நல்ல பிள்ளைதான். ஆனால் அவளுக்குப் பணக்காரரும் காரும்தான் கதையாகத் தெரிந்தது. அவள் படித்த கதைகள் அப்படி.

நாங்கள் பத்தாம் வகுப்பு, நான்கு தோழிகள். தொடக்கம், நடு, திருப்பம், முடிவு என்று நான்காகப் பிரித்து ஆளுக்கு ஒன்றாக வீட்டில் எழுதி வந்தோம். சேர்த்துப் படித்தால் கேவலமாக இருக்கிறது. இரண்டாம் பகுதியில் இறந்துபோன பாட்டி நான்காம் பகுதியில் முறுக்கு சுடுகிறார். எப்படி ஒட்டுவது?
*(மாணவி, சிவகாசி)*

ஒட்ட வேண்டாம் மகளே. எவ்வளவு ஒட்டினாலும் அது நான்கு கதையாகத்தான் இருக்கும். கதையைப் பங்கு போட்டால் ஒவ்வொருத்திக்கும் தன் பங்கு மட்டும்தான் கண்ணில் தெரியும்.

ஆளுக்கு ஒரு பகுதி எழுதியே தீரவேண்டும் என்றால் அதற்கும் ஒரு வழி உண்டு. 1931-இல் இங்கிலாந்தில் டிடெக்‌ஷன் கிளப் என்ற துப்பறியும் கதை எழுத்தாளர் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் ஆளுக்கு ஓர் அத்தியாயமாக ஒரு நாவல் எழுதினார்கள். அகதா கிறிஸ்டி, டோரதி சேயர்ஸ், செஸ்டர்டன் எல்லாம் அதில் உண்டு. அவர்கள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். முன்னால் எழுதியவர் போட்ட எந்த முடிச்சையும் அடுத்தவர் கண்டுகொள்ளாமல் விடக்கூடாது. கொலையாளி யார் என்று மனத்தில் தீர்மானித்துக்கொண்டுதான் எழுத வேண்டும், அந்தத் தீர்வையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். சும்மா ஒரு முடிச்சைப் போட்டுவிட்டு அடுத்தவர் தலையில் தள்ளிவிட முடியாது. பழம் தின்று கொட்டை போட்ட எழுத்தாளர்களுக்கே இவ்வளவு கட்டுப்பாடு தேவைப்பட்டது என்றால் உங்களுக்கும் வேண்டும்தானே?

நான் சொல்வது வேறு வழி. நான்கு பேரும் ஒரே இடத்தில் உட்காருங்கள். ஒரு தாளில் கதையில் வருகிறவர்களை எழுதுங்கள். பாட்டிக்கு வயது என்ன, எந்த அறையில் படுப்பார், யாரோடு பேசமாட்டார், எதை ஒளித்து வைத்திருக்கிறார், கதை முடியும்போது உயிரோடு இருக்கிறாரா இல்லையா. கதை எந்தக் கிழமை தொடங்கி எந்தக் கிழமை முடிகிறது என்றும் எழுதுங்கள். ‘நான்’ என்று பேத்தி சொல்கிறாளா, ‘அவள்’ என்று வெளியிலிருந்து சொல்கிறீர்களா என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள். நான்கு பேர் எழுதுகிற கதை பாதியில் தடம் மாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அப்புறம் முதல் காட்சியை நான்கு பேரும் தனித்தனியாக எழுதுங்கள். ஆமாம், அதே காட்சியை. பத்து நிமிடம் போதும். நான்கையும் சத்தமாக வாசியுங்கள். ஒருத்தியின் முதல் வரி நன்றாக இருக்கும், இன்னொருத்தியின் பாட்டி நன்றாகப் பேசுவார், மூன்றாமவள் அடுப்படியைக் கண்ணுக்கு முன் கொண்டுவந்திருப்பாள். எது எதை எடுப்பது என்று வாக்கியம் வாக்கியமாகச் சண்டை போடுங்கள். அந்தச் சண்டையில்தான் கதை உங்கள் நால்வருடையதாகும். இரண்டு மூன்று முக்கியமான காட்சிக்கு இப்படிச் செய்தால் போதும், மற்றவை பேச்சிலேயே வந்துவிடும். எல்லாம் முடிந்த பிறகு ஒருத்தி மட்டும் முதலிலிருந்து கடைசிவரை தன் கையெழுத்தில் எழுதட்டும். அப்படி எழுதும்போதுதான் நடை ஒன்றாகும்.

உங்கள் கதையில் முறுக்கு சுடுகிற பாட்டியை வைத்துக்கொள்ளுங்கள். அவரைச் சாகவிட வேண்டாம். நீ அனுப்பிய பக்கங்களில் உயிரோடு இருப்பது அவர் ஒருவர்தான்.

என் மகள் கதைப் போட்டிகளில் பரிசு வாங்குகிறவள். குழுவாக எழுதச் சொல்வதால் அவள் உழைப்பு மற்றவர்களுக்குப் போகிறது. பள்ளி மலரில் ஐந்து பேர் பெயர் போட்டிருக்கிறார்கள். இது நியாயமா?
*(ஒரு தந்தை, நாமக்கல்)*

உங்கள் வருத்தம் புரிகிறது சார். மற்ற நான்கு பேரும் சும்மா இருந்து, உங்கள் மகள் மட்டும் எழுதியிருந்தால் அது நியாயமில்லை. அப்படி நடந்திருந்தால் அங்கே குழுவே இயங்கவில்லை என்று அர்த்தம். ஆசிரியரிடம் போய்ப் பேசுங்கள், கோபமில்லாமல்.

உண்மையிலேயே சேர்ந்து எழுதியிருந்தால் ஐந்து பெயரும் வரத்தான் வேண்டும். நான் அகர வரிசையில் போடுகிறேன், யார் முதல் என்ற பேச்சுக்கே இடமில்லை. மேலே சொன்ன பார்பியானா புத்தகத்தில் ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘பார்பியானா பள்ளி’ என்றுதான் இருக்கிறது. எட்டுப் பேரின் பெயரும் இல்லை, சொல்லிக்கொடுத்த மிலானியின் பெயரும் இல்லை.

உங்கள் மகள் தனியாகவும் எழுதட்டும். குழுக்கதை தனிக்கதைக்கு மாற்று என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். ஆனால் நன்றாக எழுதுகிற பிள்ளைக்கு வீட்டில் கிடைக்காத ஒன்று குழுவில் கிடைக்கிறது. எழுதி முடித்த நிமிடமே எதிரில் ஒருத்தி, “இது புரியல”, “இவ ஏன் அழறா?” என்று முகத்துக்கு நேரே கேட்கிறாள். பரிசு கொடுக்கிற நடுவர் அப்படிக் கேட்பதில்லை. போட்டியில் ஜெயித்த பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நடுவருக்குப் பிடித்த மாதிரி எழுதப் பழகிவிடுகிறார்கள், அதிலிருந்து மீளுவது கஷ்டம்.

மாணவர்கள் எழுதுவது எல்லாம் பேய் பங்களா, டிடெக்டிவ், ‘அலெக்ஸ்’, ‘ஜான்சி’. போதாதக்குறைக்கு இப்போது செல்போன் செயலியிடம் கேட்டு இரண்டு நிமிடத்தில் கதையோடு வருகிறார்கள். சொந்தக் கதையை எப்படி வரவைப்பது?
*(கல்லூரி விரிவுரையாளர், திருச்சி)*

பேயைத் தடை செய்யாதீர்கள். எந்தத் தெருவில் பேய், எந்த வீட்டு மாடியில், அந்த வீட்டுக்காரர் இப்போது எங்கே இருக்கிறார், கரண்ட் பில் யார் கட்டுகிறார் என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கே பங்களா போய் அவர்கள் தெருவில் பூட்டிக்கிடக்கிற ஒரு வீடு வந்துவிடும். அந்த வீட்டுக்கு ஏற்கெனவே ஒரு கதை இருக்கும், வெளியூர் போன குடும்பம், சொத்துத் தகராறு, ஏதோ ஒன்று.

இத்தாலிக்காரர்களையே திரும்பச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், இந்த விஷயத்தில் அவர்கள் உழைத்திருக்கிறார்கள். மரியோ லோதி என்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியரும் அவர் வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து ‘சிப்பி’ என்று ஒரு சிட்டுக்குருவியின் கதையை எழுதினார்கள். 1961-இல் புத்தகமாக வந்தது. பிள்ளைகள் வகுப்பு ஜன்னல் வழியாகப் பார்த்த கூரையும் குருவிகளும்தான் அதற்கு ஆதாரம். ஜன்னலுக்கு வெளியே பார்க்காதே என்று நாம் சொல்கிறோம், அவர் பார்க்கச் சொன்னார்.

இன்னொருவர் ஜானி ரொதாரி, குழந்தைகளுக்கு எழுதியவர். இரண்டு பிள்ளைகளை அழைத்து, ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியாமல் கரும்பலகையின் இரண்டு பக்கத்திலும் ஆளுக்கு ஒரு சொல் எழுதச் சொல்வார். ஒன்று நாய், இன்னொன்று அலமாரி என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. பிறகு அவற்றை விதவிதமாக இணைத்துப் பார்க்க வேண்டும். நம் வகுப்பில் இது வேற்றுமை உருபுப் பாடமாகவே ஆகிவிடுகிறது. என் பிள்ளைகளுக்கு வந்த சொற்கள் சுளகு, ரயில். சுளகில் ரயில், ரயிலுக்குச் சுளகு, ரயிலின் சுளகு என்று எழுதிக்கொண்டே வந்து, ‘சுளகால் நின்ற ரயில்’ என்று ஒருத்தி எழுதினாள். அவ்வளவுதான், செங்கோட்டை பாசஞ்சரை யார் நிறுத்தினார், சுளகை எப்படி ஆட்டினார், தண்டவாளத்தில் என்ன கிடந்தது என்று குழுவே எழுந்து நின்றுவிட்டது. மூன்றாம் வேற்றுமையை அவர்களுக்கு அப்புறம் நான் நடத்தவே வேண்டியிருக்கவில்லை.

செயலி விஷயத்துக்கு வருகிறேன். என்ன தடை போட்டாலும் வீட்டில் கேட்கத்தான் செய்வார்கள். அதனால் கதை வகுப்பறையில், கையால் எழுதிய துண்டுகளிலிருந்து பிறக்க வேண்டும். முடித்த பிறகு குழுவில் யாரை வேண்டுமானாலும் எழுப்பி, ஏதாவது ஒரு வரியைக் காட்டி, “இது ஏன் இங்கே இருக்கிறது?” என்று கேளுங்கள். சேர்ந்து எழுதிய பிள்ளைகள் அந்த வரிக்காக யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்பதுவரை சொல்வார்கள். கேட்டு வாங்கி வந்தவர்கள் விழிப்பார்கள்.

குழுக்கதையில் பாத்திரங்கள் பேச்சுவழக்கில் பேசலாமா? தேர்வில் மதிப்பெண் குறையாதா?
*(பட்டதாரி ஆசிரியர், மயிலாடுதுறை)*

பேசலாம், பேச வேண்டும். கி. ராஜநாராயணன் கரிசல் பேச்சில் எழுதி 1991-இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கினார், கரிசல் வழக்குக்கு ஓர் அகராதியே தொகுத்தார். உரையாடல் பேச்சுவழக்கில், விவரிப்பு எழுத்துத் தமிழில் என்று பிள்ளைகளுக்கு ஒரு வரம்பு சொல்லிக்கொடுத்துவிட்டால் குழப்பம் வராது. தேர்வு வேறு, கதை வேறு என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். பிழையைக் கடைசி வாசிப்பில் திருத்துங்கள். துண்டுத் தாளில் சிவப்பு மை படவே கூடாது. அந்தப் பையனின் ஒற்றுப்பிழையை நான் அன்றைக்கே வட்டம் போட்டிருந்தால் அடுத்த துண்டை அவன் எழுதியிருக்கமாட்டான்.

குழுக்கதைக்கு எப்படி மதிப்பெண் போடுவது?
*(ஆசிரியை, கிருஷ்ணகிரி)*

கதைக்கு நான் போடுவதில்லை. போட்டே ஆகவேண்டும் என்றால் துண்டுத் தாள்களுக்கும், வாசித்தபோது மற்றவர் கதையைக் கேட்டுச் சொன்ன கருத்துக்கும் தனித்தனியாகப் போடுங்கள்.

எங்கள் கதையில் கடைசியில் அண்ணன் வீடு திரும்ப வேண்டும் என்று மூன்று பேர், திரும்பக்கூடாது என்று இரண்டு பேர். ஓட்டு எடுத்தோம். தோற்ற இரண்டு பேரும் இனி எழுதமாட்டோம் என்கிறார்கள்.
*(பதினோராம் வகுப்பு மாணவன், ஓசூர்)*

தம்பி, தலைப்புக்கு ஓட்டு எடுக்கலாம், பெயருக்கு எடுக்கலாம். முடிவுக்கு எடுக்காதீர்கள். முடிவு என்பது அதற்கு முன்னால் நீங்கள் எழுதி வைத்ததிலிருந்து வர வேண்டியது, எத்தனை பேர் விரும்புகிறார்கள் என்பது அதற்குத் தெரியாது.

இரண்டு முடிவையும் எழுதுங்கள். ஆனால் ஆள் மாற்றி எழுதுங்கள். திரும்ப வேண்டும் என்ற மூன்று பேரும் அவன் திரும்பாத முடிவை எழுதட்டும், மற்ற இருவரும் திரும்புகிற முடிவை எழுதட்டும். பிறகு கதையை முதலிலிருந்து இரண்டு தடவை, ஒவ்வொரு முடிவோடும், உங்கள் வகுப்பில் இல்லாத யாராவது ஒருவருக்கு வாசித்துக்காட்டுங்கள். பக்கத்து வீட்டு அக்கா, கடைக்கார அண்ணாச்சி, யாராக இருந்தாலும் சரி. எது பிடித்தது என்று கேட்காதீர்கள். “இதை எதிர்பார்த்தீர்களா, எந்த இடத்திலிருந்து எதிர்பார்த்தீர்கள்?” என்று கேளுங்கள். அவர் காட்டுகிற அந்த இடத்தைத் திரும்ப எடுத்துவைத்து ஐந்து பேரும் பேசுங்கள். கதை ஏறக்குறைய அங்கேயே முடிவைத் தீர்மானித்திருக்கும். அப்படி எந்த இடத்தையும் அவரால் காட்ட முடியவில்லை என்றால், கோளாறு கடைசிப் பக்கத்தில் இல்லை, அண்ணன் ஏன் வீட்டை விட்டுப் போனான் என்பதையே நீங்கள் இன்னும் எழுதவில்லை. முதலில் அதை எழுதுங்கள், கோபித்துக்கொண்ட இரண்டு பேரையும் கூட்டிவைத்து.